டேப் போதும் என்கிறாள் மகள், என்ன செய்யட்டும்?

சார், மகள் பி.காம் சேர்ந்திருக்கிறாள், டேப் (டேப்லெட்) வாங்கித் தந்தால் போதும், லேப்டாப்பெல்லாம் சீக்கிரமே காயலான் கடைக்குப் போய்விடும் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இது பழைய பேச்சுதான். ஆப்பிளின் டேபான ஐபேட் வந்த 2010-லேயே அந்தக் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், இனி கம்ப்யூட்டர் என்பது லாரி மாதிரி, சிலருக்குத்தான் தேவைப்படும் என்றார். அப்புறம் எத்தனை வருடம் ஓடிவிட்டது, உங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீஸில் யாராவது டேபை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுகிறார்களா, ஒருநாள் எட்டிப் பாருங்கள்.

அவள் சொல்வதில் பாதி சரி. செல்போன் நிறைய சாமான்களை விழுங்கிவிட்டது. அலாரம் கடிகாரம், டார்ச், சட்டைப்பை கேமரா, பாட்டு கேட்கிற ஐபாட் (அதை ஆப்பிளே 2022-ல் நிறுத்திவிட்டது). ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு வேலை செய்துகொண்டிருந்த சாமான்கள். பத்து விரலும் அகலமான திரையும் கேட்கிற வேலை அப்படியே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அவ்வளவு ஏன், ஐபோனுக்கு ஆப் எழுதுகிற எக்ஸ்கோடு என்ற மென்பொருள் ஐபோனில் ஓடாது, மேக் கம்ப்யூட்டர் வேண்டும்.

வாதாடாதீர்கள். போன மாத மளிகை பில், பால் கணக்கு, கரண்ட் பில் எல்லாவற்றையும் மகளிடம் கொடுத்து, போனில் எக்ஸெல் ஷீட்டாகப் போடச் சொல்லுங்கள். நாற்பது வரி வரும். கீபோர்டு பாதித் திரையை மூடிக்கொள்ளும், மேலே போட்ட தலைப்பு கண்ணுக்குத் தெரியாது, விரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டு அரிசி விலை பருப்புக்குப் போய்விடும், பத்துப் பன்னிரண்டு வரிக்குள் அவளே அலுத்துப்போய் நிமிர்ந்து பார்ப்பாள். டேப் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம். கணக்கு எழுதுகிற மென்பொருளான டேலி பிரைமோ விண்டோஸில் ஓடுகிற சரக்கு.

கேமிங் லேப்டாப் வேண்டாம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கிற இடம்) அவளுக்குத் தாராளம். வலது பக்கம் நம்பர் கீ தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், கணக்கு வேலைக்கு அது பெரிய உதவி. கை இறுக்கம் என்றால் செகண்ட் ஹேண்ட் எடுக்கலாம், தப்பில்லை, விண்டோஸ் 11 ஏறுமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். லீவு நாட்களில் டைப்ரைட்டிங் சேர்த்துவிடுங்கள். மெஷின் பழசுதான், ஆனால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சர்டிபிகேட்டைத்தான் கேட்கிறார்கள். டைப்ரைட்டிங் தேர்வில் இரண்டு நிலை, நிமிடத்துக்கு லோயரில் 30 வார்த்தை, ஹையரில் 45. அரசு வேலை வேண்டாம் என்றாலும், கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கிற பிள்ளையை எந்த ஆபீஸிலும் தனியாகத் தெரியும்.

டேப் ஆசை முதல் செமஸ்டர் வரை பொறுக்கட்டும். கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள் சார், தனியாகப் போனால் கலர் கலராக விளக்கு எரிகிற கேமிங் மெஷினை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.