சிலிண்டர் பவருக்கு லேசர்: முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. சொந்த ஊர் வேலூர். பெங்களூரு அல்சூரில் தங்கி, மாரத்தஹள்ளிப் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போதைய பவர்: வலது கண் -0.75, சிலிண்டர் -2.25, ஆக்சிஸ் 10. இடது கண் -0.50, சிலிண்டர் -2.75, ஆக்சிஸ் 170. மூன்று வருடத்துக்கு முன்பு இடது கண்ணில் சிலிண்டர் -2.00தான் இருந்தது. சிலிண்டர் பவருக்கான டோரிக் கான்டாக்ட் லென்ஸ் போட்டால் சாயங்காலத்துக்குள் கண் காய்ந்து எரிகிறது. ராத்திரி பைக்கில் வரும்போது எதிர் வண்டி விளக்குகள் கோடு கோடாக இழுக்கின்றன. தூசி பட்டால் கண் அரிக்கும், தேய்க்காமல் இருக்க முடியாது. கூட வேலை செய்பவர் லேசர் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டார். நானும் செய்யலாமா? சிலிண்டர் பவருக்கு லேசர் சரிவராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா பயப்படுகிறார்.

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். சிலிண்டர் பவர் என்று நாம் சொல்லும் அஸ்டிக்மாட்டிசத்தை லேசரால் திருத்த முடியும். கருவிழியில் ஒரு மடலைத் தூக்கி அடியில் லேசரால் செதுக்கும் லேசிக் முறையில், இன்றைய கருவிகளில் சில 5, 6 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) சிலிண்டர் வரைகூடத் திருத்துகின்றன. உங்களுடைய 2.25, 2.75 அந்த எல்லைக்குள் வசதியாக அடங்கும். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருபவை வேறு இரண்டு விஷயங்கள். இடது கண் சிலிண்டர் மூன்று வருடத்தில் 2.00-லிருந்து 2.75 ஆனது ஒன்று. கண்ணைத் தேய்க்கும் பழக்கம் இன்னொன்று. இவை இரண்டுக்கும் விடை தெரியும்வரை எந்த மருத்துவமனையிலும் முன்பணம் கட்டாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் உள்ள கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியும். அஸ்டிக்மாட்டிசத்தில் கரண்டியின் பின்பக்கம் போல ஒரு திசையில் வளைவு அதிகம், குறுக்குத் திசையில் குறைவு. அதனால்தான் விளக்கு வெளிச்சம் கோடாக இழுக்கிறது. எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைச் சிலிண்டர் எண்ணும், எந்தத் திசையில் என்பதை ஆக்சிஸும் சொல்கின்றன. உங்கள் சீட்டில் வலது 10, இடது 170 என்று இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி அமைந்திருக்கின்றன. ஒழுங்கான அஸ்டிக்மாட்டிசத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இது நல்ல அறிகுறி. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

சாதாரண அஸ்டிக்மாட்டிசம் இருபதுகளின் நடுவில் பெரிதாக மாறாது. அந்த வயதில், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் சிலிண்டர் ஏறுகிறது, கூடவே அலர்ஜியும் தேய்ப்பும் இருக்கின்றன என்றால், எந்தக் கண் மருத்துவருக்கும் முதலில் மனதில் வருவது கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து, கூம்பு போல முன்தள்ளும் நோய் இது. நம் தெற்காசிய மக்களிடம் கூடுதலாகவே காணப்படுகிறது. ஆரம்பத்தில் இது வெறும் சிலிண்டர் பவர் போலவே வேஷம் போடும். கண்ணாடிக் கடையில் பவரை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஏற்கனவே பலவீனமான அந்தக் கருவிழியை லேசிக் செய்து மேலும் மெலிதாக்கினால், சில மாதங்களிலோ சில வருடங்களிலோ அது பிதுங்க ஆரம்பிக்கலாம். அதற்குப் பிறகு கண்ணாடியாலும் பார்வை தெளியாது. லேசிக்கில் நான் மிகவும் அஞ்சும் விளைவு இதுதான். முன்கூட்டியே பார்த்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும் இதுதான்.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சரியாக அளக்காத பழைய சீட்டாலும், லென்ஸ் கழற்றிய கையோடு பரிசோதித்ததாலும் 0.75 வித்தியாசம் வரலாம். அதனால் பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். வேலூர் வீட்டில் அலமாரியில் கிடப்பதையும் அம்மாவிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிக் காலத்திலிருந்து சிலிண்டர் எப்படி ஏறியிருக்கிறது என்பது எந்த இயந்திரமும் தராத தகவல். பழைய கண்ணாடியே கிடைத்தால் அதன் பவரைக் கடையில் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் கருவிழி ஸ்கேன். பென்டாகேம் மாதிரியான டோமோகிராபி கருவி கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு இடத்திலும் தடிமன் ஆகியவற்றை வண்ண வரைபடமாகக் காட்டும். பின்பக்க வளைவு முக்கியம், ஏனென்றால் கோளாறு அங்கேதான் முதலில் தலைகாட்டும். ஒழுங்கான அஸ்டிக்மாட்டிசத்தில் முன்பக்க வரைபடம் நடுவில் இடுப்புச் சிறுத்த எட்டு வடிவில், இரு பாதியும் சமமாக வரும். கீழ்ப்பாதி மட்டும் வீங்கிச் சிவந்திருந்தால், அல்லது எட்டு வளைந்து சாய்ந்திருந்தால், அதைப் பற்றி மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். ஸ்கேனுக்கு முன் டோரிக் சாஃப்ட் லென்ஸை குறைந்தது இரண்டு வாரம் கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும். "நேற்று வரை லென்ஸ் போட்டேன்" என்று நீங்கள் சொன்ன பிறகும் அன்றே அளந்து, மறுநாளே தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பலர் தடிமனை மட்டும் கேட்டு நிம்மதி அடைகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி கருவிழி சுமார் 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசிக்கில் மேலே தூக்கும் மடலுக்கு 110 மைக்ரான் போகும். உங்கள் இடது கண்ணில் அதிகபட்சத் திருத்தம் 0.50-ம் 2.75-ம் சேர்ந்து 3.25 டயாப்டர், டயாப்டருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் வீதம் 45 மைக்ரான். மீதி 385. குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. 300க்குக் கீழே போகவே பல மருத்துவர்கள் தயங்குவார்கள். உங்கள் கருவிழி 490 மைக்ரானாகவே இருந்தாலும் கணக்கு ஒத்துவரும். அதாவது உங்களுக்குத் தடிமன் தடையாக இருக்க வாய்ப்பில்லை, வடிவம்தான் தடையாகலாம். தடிமன் 540 இருந்தும் வடிவம் சரியில்லாததால் வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

லேசிக்கில் கருவிழியைச் செதுக்கும் எக்சைமர் லேசரின் துல்லியத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 1929-ல் சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் சேர்ந்து 1981-ல் கண்டறிந்த விஷயம் இது. விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியில் சோதித்துப் பார்த்தபோது, இந்த லேசர் சுற்றியுள்ள திசுவைப் பொசுக்காமல் வெட்டியது. லேசிக் அதிலிருந்து வந்ததுதான். மைக்ரான் கணக்கில் செதுக்கும். ஆனால் செதுக்கியதைத் திருப்பி வைக்க முடியாது, அதனால்தான் எந்தக் கருவிழியில் செதுக்குகிறோம் என்பதற்கு இத்தனை பரிசோதனை.

சரி, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். அலர்ஜிக்கு மருந்து போட்டு, தேய்ப்பதை நிறுத்தி, ஆறு மாதம் கழித்து ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று என்று மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பேன். பவர் ஒரு வருடமாவது 0.5க்கு மேல் மாறாமல் நிற்க வேண்டும். பெங்களூருவில் பார்த்தீனியம் மகரந்தமும் மெட்ரோ வேலைத் தூசியும் சேர்ந்து கண் அலர்ஜிக்குக் குறைவே இல்லை. அரிக்கும்போது கண்ணை மூடிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அலர்ஜி சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள். கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்காதீர்கள், அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். தேய்ப்பது நிற்காதவரை, எவ்வளவு நல்ல கருவிழியாக இருந்தாலும் லேசருக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்த ஒரு வருடமும் நிலையாக இருந்தால், உங்களுக்கு லேசர் பலன் தரும் என்பதே என் கருத்து. லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, பைக் ஓட்டுகிறீர்கள், பவரில் பெரும்பகுதி சிலிண்டர். இப்படிப்பட்டவர்கள் கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் கோணல்களிலிருந்து விடுபடும்போது உண்மையிலேயே வித்தியாசத்தை உணர்கிறார்கள். 0.75 சிலிண்டரோடு எப்போதாவது கண்ணாடி போடுபவருக்கு நான் இதையே சொல்ல மாட்டேன்.

எந்த முறை என்பதில் ஆக்சிஸ் முக்கியம். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் படுக்கும்போது கண் தன் குழிக்குள் சில டிகிரி உருளும். வெறும் மைனஸ் பவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. சிலிண்டருக்கு ஒவ்வொரு டிகிரித் தவறுக்கும் பலனில் 3 சதவீதத்துக்கு மேல் போகும். 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரி விலகினால் மொத்தமும் போய்விடும். அதனால் கருவிழிக்குப் பின்னால் நிறத்தோடு தெரியும் ஐரிஸின் கோடுகளை அடையாளம் வைத்துச் சுழற்சியைத் தானே சரிசெய்யும் கருவியைக் கேளுங்கள். அது இல்லையென்றால், மருத்துவர் உங்களை உட்காரவைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, வெள்ளை விழியின் ஓரத்தில் 3 மணி, 9 மணி இடங்களில் பேனாவால் சின்னப் புள்ளி வைப்பார். படுத்த பிறகு அந்தப் புள்ளிகளைப் பார்த்துக் கோணத்தைத் திருத்துவார். "என் சிலிண்டருக்குக் கண் சுழற்சியை எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வர வேண்டும்.

லேசிக்கில் மறுநாளே நன்றாகத் தெரியும், இரண்டு மூன்று நாளில் வேலைக்குப் போகலாம். ஆனால் மடல் இருக்கிறது, பலமாக அடிபட்டால் நகரலாம், கண் உலர்வும் சில மாதம் கூடும். பி.ஆர்.கே. என்பது கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு நேராக லேசரால் செதுக்கும் முறை; அதில் மடல் கிடையாது. முதல் நான்கைந்து நாள் எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வை முழுசாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியாகத் திசுவை எடுப்பதால் உலர்வு குறைவு. ஆனால் பழைய ஸ்மைல் கருவிகளில் சுழற்சியைத் தானாகச் சரிசெய்யும் வசதி இல்லை. அரிப்பும் உலர்வும் உள்ள, 2க்கு மேல் சிலிண்டர் உள்ள உங்கள் கண்ணுக்கு, சுழற்சித் திருத்தம் உள்ள கருவியில் பி.ஆர்.கே. செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரு வாரம் விடுமுறை எடுக்க முடியும் என்றால் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டு உங்களுக்கு 6/6, அதாவது இயல்பான பார்வை, தெரிகிறதா என்று எழுதவில்லை. சின்ன வயதில் சிலிண்டர் திருத்தப்படாமல் போனால் மூளை தெளிவாகப் பார்க்கவே பழகியிருக்காது; கண்ணாடியோடும் கொஞ்சம் குறைவான 6/9 என்றால் லேசருக்குப் பிறகும் பெரும்பாலும் 6/9தான். உங்கள் அளவு சிலிண்டரில் 0.5 மீதம் நிற்பது சகஜம். ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவது முதல் சில மாதம் இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். இப்போது விளக்குகள் இழுப்பதற்கு, பவர் மாறிய பழைய கண்ணாடியும் கீறல் விழுந்த ஹெல்மெட் முகப்பும் காரணமாக இருக்கலாம். சரியாக அளந்து புதுக் கண்ணாடி போட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே குறையலாம். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி எல்லோருக்கும் போல உங்களுக்கும் வரும்.

ஒருவேளை ஸ்கேனில் கெரட்டோகோனஸ் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புறஊதா ஒளியும் சேர்த்துச் செய்யும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை பெரும்பாலானவர்களுக்கு அது மேலும் வளராமல் நிறுத்துகிறது. பார்வைக்குக் கடின வகை லென்ஸ்கள் உண்டு. லேசர் ஆசையில் போய் இந்த நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் அது உங்களுக்கு லாபம்தான்.

செலவு விஷயம். பொதுவான மருத்துவக் காப்பீடுகளில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலக்குப் பட்டியலிலேயே அது இருக்கிறது. கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீட்டில் வேறு மாதிரி இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் கேட்டுவிடுங்கள். தள்ளுபடி விளம்பரம் பார்த்துப் போனால், அந்தத் தொகையில் ஸ்கேனும், பிறகு தேவைப்பட்டால் மறுதிருத்தமும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும் ஸ்கேன் அறிக்கையின் நகலையும், லேசருக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு அளவுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அறுபது வயதில் கண்புரை ஆபரேஷன் வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, லேசர் செய்த கண்ணில் சாதாரணச் சூத்திரங்கள் தவறாகக் காட்டும். அன்றைக்கு உங்களைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.