சோக்கை எடுத்தால் பழைய பைக் நின்றுவிடுகிறதே, ஏன்?

கேள்வி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் பற்றியது. சோக் என்பது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் லிவர். பெங்களூரு வீடுகளில் இன்னும் பல உறங்குகின்றன. வருஷக்கணக்கில் நின்ற வண்டி சோக்கில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் பைலட் ஜெட் அடைத்திருக்கும்.

பைலட் ஜெட் என்பது கார்புரேட்டருக்குள், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகத்துக்குள், இருக்கும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஓடும்போது, இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் அதன் துளை வழியாகத்தான் போகும். துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுப்போகும், அது அடைத்துக்கொள்கிறது. சோக் தனி வழியில் கூடுதல் பெட்ரோல் விடுவதால், அதை எடுக்கும்வரை வண்டி ஓடுகிறது.

பம்ப் ஸ்டவ் நிப்பிள் அடைப்பதைப் போலத்தான். ஆனால் இங்கே பின் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் ஜெட்டையே மாற்ற வேண்டும். ரப்பர் பாகங்களைக் கழற்றிவிட்டு, ஜெட்டை கார்ப் கிளீனரில் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவம்) ஊறவைத்து, பஞ்சர் கடையில் துளை வழியாகக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். வாஷர், பெட்ரோல் டியூப் எல்லாம் பெங்களூரு ஜேசி ரோட்டில் கிடைக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய டியூப்பை நம்பாதீர்கள்.

அப்புறம் டேங்க். உள்ளே துரு இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் கார்புரேட்டரை மறுபடி கழற்ற வேண்டியதுதான். பெட்ரோல் வேலையை வெளியில், அடுப்பு, விளக்குக்குத் தள்ளியே செய்யுங்கள்.

புதுப் பெட்ரோல் ஊற்றி நாலு ரவுண்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். காய்ந்து இறுகிய பிசின் பெட்ரோலில் அவ்வளவு சுலபமாகக் கரையாது.