மினுங்கும் மைக்கு எந்தப் பேப்பர் சரி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தங்கத்தூள் கலந்த பச்சை மை வாங்கினேன். கடையில் மாதிரி அட்டையில் பளபளவென்று இருந்தது. வீட்டில் நோட்டில் எழுதினால் வெறும் பச்சைதான் வருகிறது, ஓரமெல்லாம் பிசிறடிக்கிறது. போலியோ?
– வாசகி, குன்னூர்

பதில்: போலியென்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அடியில் மண்டி மாதிரி ஒரு படலம் இருக்கும், உங்கள் தங்கம் அங்கேதான் கிடக்கிறது. இந்த மைகளில் மினுங்குவது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காத் துகள். சாயம் தண்ணீரில் கரைந்துவிடும், இது கரையாது, கனத்தால் கீழே இறங்கிவிடும். மூடியை இறுக்கிவிட்டு பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள் (வேகமாகக் குலுக்கினால் நுரைதான் வரும்), அடியில் ஒட்டியது எல்லாம் கிளம்பியதும் தாமதிக்காமல் பேனாவில் ஏற்றுங்கள். ராத்திரி முழுக்க நிப்பு மேலே இருக்க நின்ற பேனாவில் துகள் பின்பக்கம் போய்ப் படிந்திருக்கும், அதனால் எழுத உட்காரும் போதெல்லாம் பேனாவையும் ஒருமுறை புரட்டிக்கொள்ள வேண்டும். நிப்பு பட்டையாக இருந்தால் நல்லது, 1.1 மி.மீ. ஸ்டப் (நுனி உருண்டையாக இல்லாமல் பட்டையாக வெட்டிய நிப்பு) இருந்தால் ரொம்ப நல்லது. மெல்லிய நிப்பு விடுகிற கொஞ்ச மையில் எவ்வளவு துகள்தான் வந்துவிடும்?

சரி, பேப்பருக்கு வருவோம். என்னைக் கேட்டால் மையைவிடப் பேப்பர்தான் முக்கியம். காகிதம் செய்யும்போது மை உள்ளே ஊறாமல் இருக்க ஸ்டார்ச் மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள். அது சரியாக அமைந்த காகிதத்தில் மை மேலேயே நின்று நிதானமாகக் காயும், துகளும் கோட்டுக்குள்ளேயே ஒன்றுசேர்ந்து படியும். சாதாரண 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம்) ஜெராக்ஸ் பேப்பரில் நார்கள் மையை நாலாபக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன, துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கிறது.

ஹெர்பின் கம்பெனி 2015-ல் கொண்டுவந்த எமரால்ட் ஆஃப் சிவோர் மை கிடைத்தால் இதை நீங்களே பார்க்கலாம். 52 ஜிஎஸ்எம் டோமோயே ரிவர் என்ற மெல்லிய ஜப்பான் தாளில் பட்டை நிப்பால் ஒரு 'ழ' எழுதி, அந்தச் சுழி முடிகிற இடத்தில் நிப்பை ஒரு நொடி நிறுத்தி எடுங்கள். அங்கே மை கொஞ்சம் தேங்கும். காய்ந்ததும் தாளைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் நீலப்பச்சை, ஓரத்தில் செம்பு மாதிரி ஒரு சிவப்பு, அதன்மேல் தங்கப்பொட்டு, மூன்றும் தெரியும். அந்தச் சிவப்பு துகளால் வருவதில்லை, சாயமே தாளின்மேல் கெட்டியாகக் காய்வதால் வருவது, ஆகவே மை ஊறும் தாளில் முதலில் காணாமல் போவதும் அதுதான். ரோடியா என்ற பிரெஞ்சு நோட்டின் 80 ஜிஎஸ்எம் தாளில் தங்கம் நன்றாக வரும், சிவப்பு சற்று அடக்கமாக இருக்கும். ஜெராக்ஸ் பேப்பரில் மிஞ்சுவது நீலப்பச்சையும் கொஞ்சம் தங்கமும்தான்.

உங்கள் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மழையும் மூட்டமும் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், காகிதம் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். சித்திரையில் ஒழுங்காக இருந்த அதே நோட்டு அப்போது பிசிறடிக்கும், எழுதியதும் சீக்கிரம் காயாது. நல்ல தாள்களை ஜிப் கவரில் போட்டு, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடி போட்ட டின்னில் வையுங்கள், எழுதும்போது வேண்டியதை மட்டும் எடுங்கள். கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் விட்டுவிட்டு ஓடும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். வெள்ளி மினுக்கு உள்ள நீல மையில் நோட்ஸ் எழுதலாமா? பேனா அடிக்கடி நின்றுவிடுகிறது.
– மாணவர், கொடைக்கானல்

பதில்: தலைப்புக்கும் அடிக்கோட்டுக்கும் தாராளமாக வைத்துக்கொள் தம்பி, பக்கம் பக்கமாக எழுத வேறு பேனா வேண்டும். பொதுத்தேர்வுக்குச் சாதாரண நீலம் அல்லது கறுப்பு மைதான், அங்கே இந்த மையைக் கொண்டுபோகாதே. பேனா நிற்பதற்குக் காரணம் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் மெல்லிய கால்வாயில் துகள் போய் அடைத்துக்கொள்வது. ஒவ்வொரு தடவை மை தீர்ந்ததும், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்ட தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளு, அப்புறம் வெறும் தண்ணீர், அது தெளிவாக வரும்வரை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது மையோடு விட்டுவிட்டுப் போகவே கூடாது. நிப்பையும் கட்டையையும் கழற்றிக் கழுவ முடிகிற பேனா என்றால் கவலை இல்லை, திருவள்ளூரில் கையால் கடைந்து செய்கிற எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் இதற்குத் தோது. தாத்தாவின் பழைய பேனாவில் மட்டும் இதை ஊற்றிவிடாதே, கழற்ற வராத பேனாவில் துகள் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் தங்க மினுக்கு மையால் விலாசம் எழுத ஆசை. சரிவருமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வழவழப்பான ஆர்ட் பேப்பர் கவர் என்றால் வேண்டாம், மை காயவே காயாது, விரல் பட்டால் இழுக்கும். கைவினைக் காகிதம் பார்க்க அழகு, ஆனால் பல ரகங்களில் மை ஊறும், நார் நிப்பில் மாட்டும், ஒரு துண்டு வாங்கி எழுதிப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். இந்த மைகள் பெரும்பாலும் தண்ணீர் பட்டால் சாயம் ஓடுபவை. நேரில் கொடுக்கிற பத்திரிகையில் பெயரை இதில் எழுதுங்கள், வாங்குபவர்களுக்கு அது தனிச் சந்தோஷம். தபாலில் போகிறதற்கு விலாசத்தை மட்டுமாவது நீர் படிந்தாலும் அழியாத மையில் எழுதுங்கள், தபால்காரர் சாரலில் நனைந்துகொண்டு வருகிற ஊர் நம்முடையது.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருந்த பேனா, ஊட்டி வந்து மூடியைத் திறந்தால் மைக்குளம். ஏன்?
– வாசகர், கேத்தி

பதில்: ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறுகிறீர்கள், வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பாதி மையோடு மலை ஏறாதீர்கள், ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லை காலி செய்யுங்கள், வழியெல்லாம் நிப்பு மேலே இருக்கட்டும். மினுங்கும் மை என்றால் காலியாகவே கொண்டுபோவது மேல், நிமிர்ந்து நின்ற நேரமெல்லாம் துகள் எப்படியும் அடியில் படிந்திருக்கும், ஊட்டியில் இறங்கி பாட்டிலைக் கவிழ்த்து நிமிர்த்திப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம்.