லாக் போட்ட பிறகும் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை மெஷினுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறேன். மெஷின் எந்த நிகழ்வால் எந்த நிலைக்கு மாறும் என்பதை ஒரு ஸ்டேட் மெஷின் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) பார்த்துக்கொள்கிறது. வெப்ப சென்சாரும் நிறுத்தும் பட்டனும் வெவ்வேறு த்ரெட்களிலிருந்து (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் நிரல் பாதைகளிலிருந்து) நிகழ்வுகளை அனுப்புகின்றன. சோதனையில் ஒருமுறை, திரையில் ‘நிறுத்தம்’ என்று வந்த பிறகும் நீராவி வால்வு திறந்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக் போட்டேன், இப்போது மென்பொருளே அவ்வப்போது உறைந்துவிடுகிறது. எங்கே தவறு?
– வாசகர், திருப்பூர்

பதில்: வெப்ப த்ரெட் ‘சூடேற்றம்’ என்ற நிலையைப் படித்து, வால்வைத் திறக்க முடிவெடுத்த அந்த இடைவெளியில், பட்டனின் த்ரெட் நிலையை மாற்றி வால்வை மூடியிருக்கிறது, அதன் பின்னரே முதல் த்ரெட் தன் பழைய முடிவின்படி திறந்திருக்கிறது. லாக் இந்த இடைவெளியை அடைத்தாலும், நிலைமாற்றத்தைத் திரைக்கு அறிவித்துவிட்டு லாக்கைப் பிடித்தபடியே பதிலுக்குக் காத்திருந்தால், அதே லாக்குக்காகத் திரையின் த்ரெட்டும் காத்து நிற்க, இரண்டும் நகராது. நீங்கள் சொல்லும் உறைவு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

நிலையை ஒரே ஒரு த்ரெட்டின் பொறுப்பில் விடுங்கள். மற்றவை நிகழ்வை வரிசையில் போட்டுவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பட்டும். ஒரு நிகழ்வை முழுதாக முடித்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும் என்பது, 2015இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரையாக வெளியிட்ட, ஸ்டேட் மெஷின்களை விவரிக்கும் எஸ்சிஎக்ஸ்எம்எல் மொழியிலும் அடிப்படை விதி.

லைப்ரரியில் ‘அசிங்க்’ (வேலை முடியும்வரை த்ரெட்டை நிறுத்தி வைக்காதது) என்ற சொல் இருப்பதாலேயே அது த்ரெட் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்துக்கான ஸ்டேட்லெஸ் என்ற லைப்ரரியில், நிகழ்வை அனுப்ப ஃபயர்அசிங்க் என்ற அழைப்பு உண்டு. ஆனால் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் அதன் ஸ்டேட் மெஷினைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் குறிப்பேடே எச்சரிக்கிறது. க்யூட்டி என்ற சி++ தொகுப்பின் க்யூஸ்டேட்மெஷினிலோ, நிகழ்வை வரிசையில் போடும் போஸ்ட்ஈவென்ட்டை எந்த த்ரெட்டிலிருந்தும் அழைக்கலாம்.

தண்ணீர் நிரப்புவது போன்ற நீண்ட வேலையை, அந்த நிலைக்குள் நுழையும்போது தொடங்கிவிட்டு உடனே வெளியேறுங்கள். ‘நிரம்பியது’ என்பது பின்னர் ஒரு நிகழ்வாக வரட்டும். முந்தைய துணி பேட்ச்சின் ‘நிரம்பியது’ தாமதமாக வந்து புதிய பேட்ச்சைக் குழப்பலாம் என்பதால், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுத்து, எண் பொருந்தாததைத் தள்ளிவிடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அவசர நிறுத்தம் மட்டும் வரிசையில் காத்திருக்கலாகாது. அந்தப் பட்டன் மென்பொருளின் தயவை நாடாமல், வால்வின் மின் இணைப்பை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வாகவும் அது இருக்க வேண்டும். துண்டித்த செய்தி அதன்பின் வரிசைக்கு வந்தால் போதும்.