கள்ளியும் கற்றாழையும் டேப்பஸ்ட்ரியில்: கேள்வி பதில்

நிற நூல்களால் படத்தையே துணியாக நெய்யும் டேப்பஸ்ட்ரியில், தூண் போல வளரும் சாகுவாரோ கள்ளியின் நெட்டு மடிப்புகளை நெய்தால், ஒவ்வொரு கோட்டிலும் பிளவு விழுகிறது. தைத்து மாளவில்லை.

படத்தைப் படுக்கவைத்து நெய்யுங்கள். நிறம் பாவுக்கு (தறியில் நெடுக்காகக் கட்டிய நூலுக்கு) இணையாக மாறும் இடத்தில்தான் பிளவு விழும். படுக்கவைத்தால் மடிப்புகள் ஊடையின் (குறுக்கே போகும் நூலின்) திசைக்கு வந்துவிடும். முடிந்ததும் திருப்பித் தொங்கவிடலாம். ஐரோப்பாவின் பழைய பெரிய டேப்பஸ்ட்ரிகள் பலவும் இப்படி நெய்தவைதான்.

மேட்டுக்கு வெளிர்பச்சை 4 ஊடை, சரிவுக்கு நடுப்பச்சை 6, பள்ளத்துக்குக் கருநீலம் 2 என்று தொடங்கிப் பாருங்கள். ஊடை போய்த் திரும்பினால்தான் பாவு முழுதும் மூடும்; ஒற்றைப்படையில் நிறுத்தினால் கோடு புள்ளி புள்ளியாக நிற்கும். பள்ளத்துக்குக் கறுப்பு மட்டும் வேண்டாம், துணியில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். எல்லா மடிப்பும் ஒரே அகலமாக இருந்தால் கள்ளி தட்டையாகிவிடும். தண்டு உருளை என்பதால், விளிம்புக்குப் போகப்போக ஊடை எண்ணிக்கையைக் குறையுங்கள். மழைக்குப் பின் மடிப்பு விரியும், வறட்சியில் ஒடுங்கும். எந்தப் பருவத்துச் செடி என்பதை முதலிலேயே முடிவுசெய்வது நல்லது.

முள்ளையும் நெய்துவிடலாமா?

வேண்டாம், ஊடையைத் தட்டும்போது நசுங்கும். தறியிலிருந்து இறக்கியபின் மெழுகு தடவிய லினன் நூலால் ஊசித்தையல் போடுங்கள். கள்ளி முள் ஒரு சிறு திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும், அந்தத் திட்டுகள் மேட்டின் முகட்டில் வரிசையாக இருக்கும். கண்ட இடத்தில் குத்தினால் முள்ளம்பன்றிதான் வரும்.

கற்றாழை மடலின் சாய்ந்த ஓரம்?

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பாவு தள்ளுங்கள். படி படியாக வரும், ஆனால் பிளவு நீளாது.

ஓரங்கள் உள்ளே இழுக்கின்றன. அங்குலத்துக்கு 8 பாவு வைத்திருக்கிறேன்.

பாவு எண்ணிக்கையில் குறையில்லை. ஊடையை நேராக இழுத்துப் போடுகிறீர்கள். சிறு சிறு வளைவுகளாகத் தளர்த்திப் போட்டுப் பிறகு தட்டுங்கள். 2 செ.மீ.க்கு ஒருமுறை அகலத்தை அளந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியின் சாயம், சிவப்புக்குப் பதில் ஊதாவாக வருகிறது.

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கடினநீரின் சுண்ணாம்பு ஊதாப் பக்கம் தள்ளும். இரும்புப் பாத்திரமும் நிறத்தை மங்கடிக்கும். மழைநீர், எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். சாயம் பிடிக்க, 100 கிராம் கம்பளிக்குப் படிகாரம் 12 முதல் 15 கிராம். கொதிக்கவிடாமல் 85 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைத்து, அதே நீரில் ஆறவிடுங்கள். சூடாக எடுத்துக் குளிர்நீரில் போட்டால் கம்பளி திரண்டு கட்டியாகிவிடும்.