இறக்கிவிட்ட பிறகு அவர் என்ன ஆனார்?

கேள்வி: அன்புள்ள டாக்டர் அம்மா, எனக்கு வயது 27. பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, பயிற்சி எடுத்து, மூன்றரை வருடமாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கொல்லிமலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தோம். ஐம்பது வயது இருக்கும். நெஞ்சு வலி, சட்டை முழுக்க வியர்வை. மாரடைப்பு என்று பார்த்ததுமே தோன்றியது. மலைப்பாதையில் சிக்னல் இல்லாததால் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் பேச முடியவில்லை. வீட்டிலிருந்து வண்டிவரை அவரை நடக்க விடாமல் நாற்காலியில் தூக்கி வந்தோம். சாய்த்து உட்கார வைத்து ஆக்சிஜன் வைத்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நான் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. 'நீ என்ன டாக்டரா? இறக்கிவிட்டுக் கிளம்பு' என்றார்கள். அவர் பிழைத்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. லண்டனில் பாராமெடிக்குகளே ஊசி போடுகிறார்கள், மருந்து எழுதுகிறார்கள் என்கிறான் அங்கே இருக்கும் என் சித்தி மகன். இங்கே எங்களுக்கு ஏன் அந்த உரிமை இல்லை? கேட்டால் கிடைக்குமா? 'ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலைக்கு இவ்வளவு கண்ணீரா, விட்டுவிடு' என்கிறார் என் கணவர். விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டவற்றைவிட, கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குள் தங்கிவிட்டது. 'அவர் பிழைத்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.' அதற்குப் பிறகு வருகிறேன். அந்த ராத்திரியை நீங்கள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள், அதனால் முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. மாரடைப்பு வந்தவரை நடக்க விடாமல் தூக்கி வந்தீர்களே, அது சின்ன விஷயம் இல்லை. வலியோடு நாலு படி ஏறி இறங்கியதில் சுருண்டு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கு மேல் என்று காட்டினால், மாரடைப்புக்கு ஆக்சிஜன் வைப்பதால் பெரிய லாபம் இல்லை. சுவீடனில் 6,629 பேரிடம் சோதித்துப் பார்த்து 2017-இல் இந்த முடிவைச் சொன்னார்கள். நான் படித்த காலத்தில் எல்லா நெஞ்சு வலிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிஜன் வைத்தோம், எனவே இதில் உங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

அது மாரடைப்புதான் என்றால், அந்த மனிதருக்கு அப்போது தேவைப்பட்டது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின். ஒவ்வாமை உண்டா, எங்காவது ரத்தக் கசிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மென்று விழுங்கச் சொல்லிக் கொடுக்கும் மாத்திரை. 'இதயம் காப்போம்' என்று 2023 ஜூனில் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஆஸ்பிரின், அதேபோல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து மொத்தம் 14 மாத்திரை. அதை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் நேரம் வீணாகக்கூடாது, முதல் டோஸ் ஊரிலேயே உள்ளே போய்விட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதே நியாயம் மலை இறங்கும் வண்டிக்கும் பொருந்தும்தானே?

உங்கள் கையைக் கட்டியது சிக்னல். டாக்டர் போனில் சொன்னால்தான் கொடுக்கலாம் என்று வைத்தால், போன் கிடைக்காத ஊரில் பிறந்தவருக்கு அந்த மருந்து கிடையாது என்று ஆகிவிடுகிறது. இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நோயாளியிடம் இன்ன இன்ன அறிகுறி இருந்தால், இன்ன இன்ன ஆபத்து இல்லையென்றால், யாரையும் கேட்காமல் இதைச் செய்யலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் உத்தரவு அது. பாராமெடிக் சேவை வளர்ந்த நாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. போனில் கேட்பது சந்தேகம் வரும்போது மட்டும். உங்களுக்கு என்ன உரிமை வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் இதைச் சொல்லுங்கள்.

சரி, வண்டியில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்ய விடலாமா என்றால், அங்கே நான் கொஞ்சம் தயங்குவேன். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இதயம் நின்றுபோனவர்களுக்கு மார்பை அழுத்துவதும் சீக்கிரம் ஷாக் கொடுப்பதும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் தொண்டைக்குள் குழாய் போடவும், நரம்பில் மருந்து ஏற்றவும் பாராமெடிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 5,638 பேரின் கணக்கைப் பார்த்தபோது, பிழைத்து வீடு திரும்பியவர்கள் 5.0 சதவீதத்திலிருந்து 5.1 ஆனார்கள். அவ்வளவுதான். முடிவு 2004-இல் வெளியானது. யாராவது உடனே மார்பை அழுத்தியதும், ஷாக் சீக்கிரம் கிடைத்ததும்தான் உயிரைக் காப்பாற்றின. கடினமான வேலையைக் கொடுப்பதுதான் பொறுப்பைக் கூட்டுவது என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத ஃபிட்ஸ் வந்தவரை நீங்கள் எத்தனை முறை ஏற்றியிருப்பீர்கள்! கை கால் வெட்டி இழுக்கும்போது, ஓடுகிற வண்டியில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் சின்னக் குழாய்) போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பாராமெடிக்குகளையே வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல நரம்பில் லோராசிபாம் என்ற வலிப்பை நிறுத்தும் மருந்து. மறு பகுதியினருக்கு, தொடையில் வைத்து அழுத்தினால் தானே இறங்கிவிடும், அதே வகை மருந்தான மிடாசோலம் ஊசி. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் நரம்பு ஊசியில் 63 சதவீதம், தொடை ஊசியில் 73 சதவீதம். மருந்தின் வீரியத்தைவிட, சீக்கிரம் போட முடிந்ததே வெற்றிக்குக் காரணம். ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்வதை அப்படியே வண்டிக்குள் தூக்கிப் போடாமல், வண்டியில் இருக்கும் கைக்கு எது ஒத்துவரும் என்று யோசித்திருக்கிறார்கள். நம் ஊரிலும் டாக்டர் சீட்டு இருந்தால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே மருந்துக்கடையில் கிடைக்கிறது. வலிப்பு உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டில் அதைப் பயன்படுத்துகிறார்கள். பயிற்சி பெற்ற உங்கள் கையில் அது எழுதிவைத்த உத்தரவோடு இருப்பதற்கு நான் முழு மனதோடு கை தூக்குவேன்.

சித்தி மகன் சொன்னது பாதி சரி. பிரிட்டனில் பாராமெடிக்குகள் தாங்களாகவே மருந்து எழுத 2018-இல் சட்டம் இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது எல்லா பாராமெடிக்குக்கும் இல்லை. அனுபவத்தில் மேலே வந்து, அதற்கென்று தனிப் படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அங்கே 'பாராமெடிக்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே கூடாது, சட்டப்படி குற்றம். அந்த உரிமைக்கு முன்னால் படிப்பும் பதிவும் வந்தன. நம் நாட்டிலும் 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் ஒரு தொழிலாக இருக்கிறார். அங்கேதான் உங்களுக்கு ஒரு யோசனை. விலங்கியல் பட்டத்தோடு நிற்காதீர்கள். விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் நம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பே இருக்கிறது. உங்கள் அனுபவத்தோடு அந்தப் படிப்பும் சேர்ந்தால், பொறுப்பு கூடும் நாளில் வரிசையில் முன்னால் நிற்பீர்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, நான் கேஷுவாலிட்டி டியூட்டியில் இருந்த ஓர் இரவு. வயதான ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். தலைசுற்றல். நான் பார்க்கும்போது நன்றாகப் பேசினார், பி.பி. கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கூட வந்த மருத்துவ உதவியாளர், சின்னப் பையன், 'மேடம், வழியில் ரெண்டு நிமிஷம் இவருக்கு வாய் குழறுச்சு' என்று ஆரம்பித்தான். பக்கத்துக் கட்டிலில் விபத்து கேஸ் ஒன்று ரத்தம் கக்கிக்கொண்டிருந்தது. 'சரிப்பா, வச்சிட்டுப் போ' என்றேன். விடியற்காலையில் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வண்டிக்குள் அந்தப் பையன் பார்த்த இரண்டு நிமிடம்தான் நோயே. அதைப் பார்த்தவன் அவன் ஒருவன், கேட்க வேண்டியவள் நான். அதற்குப் பிறகு, ஆம்புலன்ஸில் வந்தவர் பேசி முடிக்காமல் நான் நோயாளியைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்தப் பையனைத் தேடிப்போய் என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. தான் பார்த்தது எவ்வளவு முக்கியமானது என்று தெரியாமலேயே அவன் அடுத்த கேஸுக்குப் போயிருப்பான்.

உங்களுக்கு நடந்ததும் இதுதான். முடிவு தெரியாமல் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. மாரடைப்பு என்று நீங்கள் நினைத்தது சரியா? ஈ.சி.ஜி. என்ன காட்டியது? ஒருவேளை இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருநாடி கிழிந்திருந்தால்? அப்போது நான் சொன்ன ஆஸ்பிரினே ஆபத்தாகியிருக்கும். உங்கள் கணிப்பு பத்துக்கு ஒன்பது சரி என்று ஏட்டில் இருந்தால், எந்த டாக்டரும் அந்த உத்தரவில் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார். அந்த ஏடு இல்லாததால்தான் டாக்டர்கள் பயப்படுகிறார்கள், நீங்களும் கண்ணீர் விடுகிறீர்கள்.

பாராமெடிக் என்ற தொழிலின் ஆரம்பமே இப்படித்தான். 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை அந்த ஊரில் நோயாளியைப் போலீஸ் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏழைப் பகுதியில் வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களை எடுத்து, மயக்கவியல் டாக்டர் பீட்டர் சஃபார் பயிற்சி கொடுத்தார். வாயோடு வாய் வைத்து மூச்சூதும் முறையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் அவர் ஒருவர். பின்னால் நான்சி கரோலின் என்ற இளம் பெண் டாக்டர் பொறுப்பேற்றார். அவர் அந்த இளைஞர்களோடு வண்டியில் ஏறிப் போனார், எது சரி, எது தப்பு என்று பக்கத்திலேயே இருந்து சொன்னார். அந்த அனுபவத்திலிருந்துதான் அமெரிக்கா முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார். ஆஸ்பத்திரிகளில் அந்த இளைஞர்களைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்து வேலை ஏவியவர்கள் இருந்தார்கள். உங்களிடம் 'நீ என்ன டாக்டரா' என்று கேட்டதைப் படித்தபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் மாரடைப்பு சிகிச்சையை ஒரு வலைப்பின்னலாகக் கட்டிப் பார்த்தார்கள். சின்ன ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே கயிற்றில். ஈ.சி.ஜி. முன்னால் போய்விடும், கட்டியைக் கரைக்கும் மருந்து சின்ன ஆஸ்பத்திரியிலேயே தொடங்கும், அப்புறம் ஆஞ்சியோவுக்குப் பெரிய இடம். 2,420 நோயாளிகளை ஒரு வருடம்வரை பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, வண்டியில் ஏறிய ஆள் ஒரு வருடம் கழித்து என்ன ஆனார் என்று ஒருவர் கணக்கு வைத்திருந்ததுதான்.

வேலையை விடுவது பற்றி: முதுகு வலி, ராத்திரி டியூட்டி, வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்று காரணம் இருந்தால், குற்ற உணர்ச்சியே வேண்டாம், விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் அவமானமாகப் பேசியதற்காக விடாதீர்கள். உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, உங்கள் மனைவி அழுவது வேலை சின்னது என்பதால் இல்லை. இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமோ என்று அழுகிறார். அப்படி அழுகிறவர்கள் வண்டியில் இருப்பது எங்களைப் போன்ற வயதானவர்களுக்குத் தைரியம்.

அடுத்த டியூட்டியிலிருந்து இதைச் செய்யுங்கள். நோயாளியை இறக்கும்போது முப்பது விநாடியில் சொல்லி முடிக்கப் பழகுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, நீங்கள் கண்டது என்ன, கொடுத்தது என்ன, வழியில் என்ன மாறியது. கேட்காவிட்டாலும் கேஸ் தாளில் எழுதி, டியூட்டி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். அதில் நோயாளியின் பெயர் வேண்டாம், தேதியும், உங்கள் கணிப்பும், பக்கத்தில் ஒரு காலிக் கட்டமும் போதும். இரண்டு நாள் கழித்து அதே ஆஸ்பத்திரிக்கு வேறு கேஸ் கொண்டுபோகும்போது, ஓய்வாக இருக்கும் ஒரு நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் எரிந்து விழலாம், மூன்று பேர் சொல்வார்கள். உங்கள் மேலதிகாரியிடம், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி டாக்டரோடு உட்கார்ந்து நாலைந்து கேஸைப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லிக் கூட்டாக மனு கொடுங்கள். சம்பளத்துக்குக் கேட்பதுபோலவே இதற்கும் கேளுங்கள்.

முதல் கட்டமாக, அந்தக் கொல்லிமலைக்காரர். தேதி உங்களுக்கு மறந்திருக்காது. கேஷுவாலிட்டிப் பதிவேட்டில் அந்த ராத்திரியின் பக்கம் இருக்கும். போய், 'அவரைக் கொண்டுவந்தவள் நான், என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்' என்று கேளுங்கள். பதில் நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.