தோற்ற எலி ஏன் கொக்கெய்னைத் தேடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கூட்டத்தில் தோற்பதும் ஒடுங்கி வாழ்வதுமான ‘சமூக அழுத்தம்’ விலங்குகளின் போதை நாட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பது பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: எலிக்கு என்ன பெரிய மனக்கவலை? ஆய்வகத்தில் அதற்குச் ‘சமூக அழுத்தம்’ கொடுப்பது எப்படி?

பதில்: இன்னொரு ஆண் எலியின் கூண்டுக்குள் விட்டால் போதும். துணையோடு வாழும் முரட்டு எலிக்குத் தன் இடத்தில் அந்நியன் நுழைவது பொறுக்காது; பாய்ந்து கடிக்கும். வந்த எலி மல்லாந்து வயிற்றைக் காட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டது என்று பொருள். அப்போது அது 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தும். அது நம் காதுக்கு எட்டாது, கருவிதான் பிடிக்கும். அதன்பின் கம்பிவலைத் தடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். கடி விழாது, எதிரியின் வாடையும் மிரட்டலும் மட்டும் ஓயாது.

கேள்வி: அப்படியானால் அடி கூடக் கூடப் போதை நாட்டமும் கூடும்தானே?

பதில்: கூடாது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் மிக்செக் குழுவினர் எலிகளை இரு விதமாகத் தோற்கடித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பத்து நாட்களில் நான்கே தோல்விகள், இடையிடையே ஓய்வு. இவை பின்னர் நெம்புகோலை அழுத்திக் கொக்கெய்ன் பெறும் வாய்ப்புக் கிடைத்ததும், இருபத்து நான்கு மணி நேரமும் விடாமல் அள்ளிக்கொண்டன. மற்றக் கூட்டம் ஐந்து வாரம் எதிரியின் வீட்டிலேயே ஒடுங்கிக் கிடந்தது. அவற்றுக்குக் கொக்கெய்னிலும் நாட்டமில்லை, சாக்கரின் கலந்த இனிப்பு நீரிலும் நாட்டமில்லை. எப்போது விழும் என்று தெரியாத அடி வேட்கையைத் தூண்டுகிறது. ஓயாத அடி வேட்கையையே கொன்றுவிடுகிறது. ஆகவே ‘அழுத்தம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்பவர்களை நான் நம்புவதில்லை. எந்த வகை அழுத்தம், எத்தனை நாள் என்று கேட்டாக வேண்டும்.

கேள்வி: மூளையில் ஏற்கெனவே குறை உள்ள விலங்குதான் கூட்டத்தில் அடிமட்டத்துக்குப் போய், போதையிலும் விழுகிறது என்று சொல்லலாம் அல்லவா?

பதில்: நல்ல சந்தேகம். அதற்கு விடை தேடித்தான் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழுவினர் ஒரு சோதனை செய்து 2002-இல் வெளியிட்டார்கள். இருபது ஆண் குரங்குகளை ஒன்றரை ஆண்டு தனித்தனியே வளர்த்து, மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிறகு நான்கு நான்காகச் சேர்த்தார்கள். யார் யாரை விரட்டுகிறார், யார் பணிந்து ஒதுங்குகிறார், யாருக்குப் பேன் பார்க்கப்படுகிறது என்று கவனித்துத் தரவரிசை போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன். தனியே இருந்தபோது எடுத்த அளவை வைத்து எது தலைவனாகும் என்று சொல்ல முடியவில்லை. கூட்டம் அமைந்த பிறகோ, தலைமைக் குரங்குகளுக்கு டோபமைன் டி2 ஏற்பிகளின் (வேட்கையோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களின்) அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. அடிமட்டத்தில் இருந்தவற்றுக்கு மாற்றமே இல்லை. கொக்கெய்னைக் கொடுத்தபோது பணிந்து வாழ்ந்தவை அதை நாடின. தலைமைக் குரங்குகளை அது அவ்வளவாக ஈர்க்கவில்லை. முதலில் வந்தது இடம், பின்னால் வந்தது மூளை மாற்றம். ஆனால் கொக்கெய்ன் நீண்டநாள் பழகிவிட்டால் தலைமைக் குரங்குகளின் இந்தப் பாதுகாப்பு தேய்ந்துவிடுகிறது என்று அதே குழு பிற்பாடு கண்டது.

கேள்வி: ஆண்களைப் பற்றியே சொல்கிறீர்களே, பெண் விலங்குகள்?

பதில்: அங்கே கதை தலைகீழ். பெண் குரங்குகளிலும் தலைமையில் இருப்பவற்றுக்கே டி2 அளவு அதிகம். ஆனாலும் கொக்கெய்னை எளிதில் பற்றிக்கொண்டவை அவைதாம். ஏன் என்பதற்கு ஒரே வரியில் விளக்கம் இல்லை.

கேள்வி: ‘எலிப் பூங்கா’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உண்மையா?

பதில்: பாதி. கனடாவில் புரூஸ் அலெக்ஸாண்டர் 1970-களின் பிற்பகுதியில் விசாலமான இடத்தில் எலிகளைக் கூட்டமாக வாழவிட்டார். தனிக்கூண்டு எலிகளைவிட அவை மார்ஃபின் கலந்த நீரைக் குறைவாகவே குடித்தன. அதே முடிவு பிறருக்கு எப்போதும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் அந்தச் செய்திகள் விழுங்கிவிடும். எனக்கு 2018-இல் மார்கோ வென்னிரோ, யாவின் ஷஹாம் குழு வெளியிட்ட ஆய்வே வலுவானதாகப் படுகிறது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருள். மற்றதை அழுத்தினால் கதவு திறந்து இன்னோர் எலியோடு விளையாடலாம். எலிகள் பெரும்பாலும் கதவையே தேர்ந்தன. கதவு திறக்கத் தாமதமானாலோ, நண்பனைச் சேர மின் அதிர்ச்சியைத் தாங்க நேர்ந்தாலோ போதைப்பக்கம் திரும்பின.

கேள்வி: காதலில் தோற்ற ஈ குடிக்குமாமே?

பதில்: குடிக்கும். 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு அது. ஏற்கெனவே இணை சேர்ந்துவிட்ட பெண் பழ ஈக்கள் திரும்பத் திரும்ப உதறித்தள்ளிய ஆண் ஈக்கள், சாராயம் கலந்த உணவைத் தேடிப்போயின. அவற்றின் மூளையில் ‘நியூரோபெப்டைடு எஃப்’ என்ற பொருள் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் அதன் செயல்பாட்டைத் தூண்டிவிட்டதும் குடி நாட்டம் தணிந்தது.